தம் பெருமை காணாத மேதை
பிரீட்ரிக் மீஷரின் வாழ்க்கை

அட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு பாடசாலையில் உயிரியல் கற்பித்து வருபவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர்களுக்கு, உயிர்க்கலத்தினுள் உறையும் பரம்பரைப் பொருளாகிய டி.என்.ஏ.யைக் கண்ணாற் காட்ட விரும்பினேன். அதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. இலையையோ பழத்தையோ மசித்து, உப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்த நீரிற் கரைத்து, வடித்தெடுத்து, அந்தத் தெளிவின் மேல் நன்கு குளிரூட்டிய எதனோலை மெல்ல ஊற்றினாற் போதும். இரண்டு திரவங்களும் சந்திக்கும் எல்லையில் வெண்ணிற நூல்கள் மிதந்தெழும்.

மாணவர்கள் தங்கள் கைக்கு எட்டிய பொருளையே கொண்டு வந்தார்கள். அது தேயிலைக் கொழுந்து. அதனை அரைத்தோம், வடித்தோம், எதனோலை ஊற்றினோம். நூல் எதுவும் எழவில்லை. மண்ணிறமான கலங்கல் ஒன்றுதான் குழாயின் அடியில் தங்கியது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவரின் மகள் அந்த நிறத்தைப் பார்த்ததும், அரைத்த கொழுந்து தொழிற்சாலையில் விரித்துப் போடப்படும்போது இப்படித்தான் சிவக்கும் என்றாள். அவள் கூறியது முற்றும் சரி. தேயிலைக்கு நிறத்தையும் சுவையையும் தருகின்ற பல்பீனோல்கள் என்னும் பொருள்கள், இலை நசுங்கியதும் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து சிவக்கின்றன. நமக்குச் சாயம் மிக்க தேநீரைத் தரும் அதே மாற்றம், டி.என்.ஏ.யைப் பற்றிக்கொண்டு அதனைக் கெடுத்துவிடுகிறது. ஆய்வுகூடங்களில் தேயிலையை மிகக் குளிர்ந்த திரவ நைதரசனில் உறையவைத்துப் பொடியாக்குவதும், பல்பீனோலைப் பிடித்து அகற்றும் பொருள்களைச் சேர்ப்பதும் இதற்காகவே.

மறுநாள் வாழைப்பழத்தைக் கொண்டு அதே பரிசோதனையைச் செய்தோம். பஞ்சின் இழைபோல வெண்மையான நூல்கள் எழுந்தன. வகுப்பு மகிழ்ந்தது. அந்தச் சிறுமி மட்டும் இரண்டு கேள்விகளைக் கேட்டாள். இதனை முதன்முதலிற் கண்டவர் யார்? தாம் கண்டது இன்னதென்று அவருக்குத் தெரிந்திருந்ததா? முதற் கேள்விக்கு ஒரு பெயரைச் சொன்னேன். இரண்டாவதற்கு ஒரு வரியில் விடை கூற என்னால் இயலவில்லை. அந்த விடை ஒரு மனிதரின் வாழ்க்கை முழுவதுமாக இருந்தது. அதனையே இங்கு எழுத முற்படுகிறேன்.

பிரீட்ரிக் மீஷர் 1844ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் திகதி, சுவிட்சர்லாந்தில் ரைன் நதிக்கரையிலுள்ள பாசெல் நகரிற் பிறந்தார். அவருடைய தந்தையார் மருத்துவப் பேராசிரியர். தாய்மாமன் வில்கெல்ம் ஹிஸ் பெயர்பெற்ற உடற்கூற்றியல் அறிஞர். கல்வியே செல்வமாக விளங்கிய குடும்பம் அது. இளமையில் மீஷரை நெருப்புக் காய்ச்சல் தாக்கியது. உயிர் தப்பிற்று, ஆனால் செவிப்புலன் குறைந்தது. நோயாளியின் நெஞ்சிற் காது வைத்து நோயறியும் மருத்துவத் தொழிலுக்கு அது பெருந்தடையாயிற்று. 1868இல் மருத்துவப் பட்டம் பெற்றவராயினும், மருத்துவராக வாழ்வதா என்று அவர் தயங்கினார். மருமகனின் மனத்தை நன்கறிந்த மாமன் வேறு வழி காட்டினார். உடலின் இழையங்கள் எவ்வாறு உருவாகின்றன என்னும் வினாவின் இறுதி விடை இரசாயனத்திலேதான் கிடைக்கும் என்பது ஹிஸ் அவர்களின் உறுதியான கருத்து. அந்தக் கருத்தே மீஷரின் வாழ்க்கைப் பாதையாயிற்று. செவி மங்கிய அவ்விளைஞர், ஓசையற்ற சோதனைக் குழாய்களோடு வாழத் தொடங்கினார்.

1868இல் அவர் ஜேர்மனியின் தூபிங்கன் நகருக்குச் சென்று, உயிர் இரசாயனத்தின் முன்னோடிகளுள் ஒருவரான பீலிக்ஸ் ஹொப்பே-சைலரிடம் மாணவராகச் சேர்ந்தார். ஆய்வுகூடம் இருந்த இடம் குன்றின் மேல் நின்ற ஒரு பழங்கோட்டை. மீஷருக்குக் கிடைத்த அறை, முன்னொரு காலத்தில் அக்கோட்டையின் சமையலறையாக இருந்தது. உயரமான சிறு சாளரங்கள், தடித்த கற்சுவர்கள், குளிர். உலகின் உயிரியல் வரலாற்றை மாற்றிய பொருள், அரசர்களுக்கு உணவு சமைத்த அந்த அறையிலேதான் வெளிப்பட்டது.

ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்டவை வெண்குருதிக் கலங்கள். அவை தனித்தனியே நிற்பவை, எளிய அமைப்புடையவை. முதலில் நிணநீர்ச் சுரப்பிகளிலிருந்து அவற்றைப் பெற முயன்றார். போதிய அளவு கிடைக்கவில்லை. அப்போது அவர் நாடிச் சென்ற பொருளை எண்ணினால் நமக்கு அருவருப்பு உண்டாகும். அண்மையிலிருந்த சத்திரசிகிச்சை நிலையத்தில் நோயாளிகளின் காயங்களிலிருந்து கழற்றியெறியப்பட்ட, சீழ் தோய்ந்த கட்டுத்துணிகளே அவை. கிருமிகளை ஒழிக்கும் முறைகள் மருத்துவமனைகளிற் பரவாத காலம் அது; ஆகவே சீழுக்குக் குறைவில்லை. சீழென்பது பெரும்பாலும் வெண்குருதிக் கலங்களின் திரள். பிறர் மூக்கைப் பொத்திக்கொண்டு எரித்துவிடும் துணிகளை அவர் நாள்தோறும் பெற்று, அழுகியவற்றை ஒதுக்கி, எஞ்சியவற்றைக் கழுவினார்.

கழுவுவதும் எளிதன்று. சாதாரண உப்புநீரிற் கலங்கள் வீங்கிக் கூழாயின. பல கரைசல்களைச் சோதித்து, ஐதான சோடியம் சல்பேற்றுக் கரைசலே அவற்றைச் சிதையாது காக்கும் என்று கண்டார். இன்றைய மையநீக்கி இயந்திரம் அவரிடம் இல்லை. வடித்தபின், முகவையின் அடியிற் கலங்கள் தாமாகப் படியும்வரை காத்திருந்தார்.

அவர் முதலில் ஆராய விரும்பியவை கலத்தின் புரதங்களே. ஆனால் கரைசலில் அமிலம் சேர்த்தபோது, புரதங்களைப் போல நடந்துகொள்ளாத ஒரு பொருள் வீழ்படிவாக வந்தது. காரம் சேர்த்தால் அது மீண்டும் கரைந்தது. நீரிலும் ஐதான அமிலத்திலும் கரைய மறுத்தது. இது கலத்தின் எந்தப் பகுதியிலிருந்து வருகிறது? கருவிலிருந்து வரவேண்டும் என்று அவர் ஊகித்தார். ஊகத்தோடு நிற்பது அவர் இயல்பன்று. கருவை மட்டும் தனியே பிரித்தெடுக்க வழி தேடினார். அதற்குமுன் எவரும் அதனைச் செய்ததில்லை. கலங்களை ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தில், மாரிக்காலக் குளிரில், வாரக்கணக்காகத் திரும்பத் திரும்ப ஊறவைத்தார். கலத்தின் மற்றப் பகுதிகள் கரைந்து போயின. எஞ்சியதை ஈதரும் நீரும் சேர்த்துக் குலுக்க, கருக்கள் அடியிற் படிந்தன.

எனினும் அவற்றில் புரதம் ஒட்டியிருக்கக் கூடுமன்றோ? அதற்கும் ஒரு வழி கண்டார். பன்றியின் இரைப்பையை அமிலத்தாற் கழுவி, அதிலிருந்து பெப்சின் என்னும் நொதியத்தைத் தாமே எடுத்தார். இரைப்பையில் இறைச்சியைச் செரிக்கச் செய்வது அந்நொதியமே. வெப்பமான அற்ககோலாற் கொழுப்பை அகற்றிய பின், பெப்சினைக் கொண்டு புரதத்தைச் செரிக்க வைத்தார். புரதம் போயிற்று. அவருடைய புதிய பொருள் மட்டும் செரிக்காது நின்றது. அதனை எரித்து, அதிலடங்கிய மூலகங்களை அளந்தார். காபன், ஐதரசன், ஒட்சிசன், நைதரசன் ஆகியவற்றோடு, புரதங்களிற் காணப்படாத அளவு பொசுபரசும் இருந்தது. ஆகவே இது புரதமும் அன்று. அறியப்பட்ட கொழுப்பும் அன்று. இதுவரை எவரும் அறியாத ஓர் இனம். கருவிலிருந்து வந்தமையால் அதற்கு நியூக்கிளீன் என்று பெயரிட்டார். 1869 பெப்ரவரியில் தம் தாய்மாமனுக்கு இச்செய்தியைக் கடிதத்தில் அறிவித்தபோது அவருக்கு வயது 24.

1869 என்னும் அந்த ஆண்டை மலைநாட்டவராகிய நாம் வேறொரு காரணத்தாலும் நினைவிற் கொள்ள வேண்டும். நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்து உழைத்தது கோப்பித் தோட்டங்களிலே. அந்தக் கோப்பிச் செடிகளின் இலைகளில் செம்மஞ்சள் நிறத் துருப்போன்ற நோய் தோன்றியது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிற்ஸ் அனுப்பிய இலைகளை ஆராய்ந்து, இங்கிலாந்தில் பார்க்லி என்னும் அறிஞர் அந்தப் பூஞ்சணத்திற்குப் பெயரிட்டு விவரித்ததும் 1869ஆம் ஆண்டிலேயே. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்நோய் கோப்பித் தொழிலை வீழ்த்திற்று. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை, கோப்பியின் இடத்தைப் பிடித்தது. நம் வாழ்வின் போக்கை மாற்றிய அந்தப் பூஞ்சணத்தின் பரம்பரை இரகசியமும், அதன்பின் வந்த தேயிலையின் இரகசியமும், தூபிங்கன் சமையலறையில் ஓர் இளைஞர் குழாயில் ஏந்தியிருந்த பொருளின் வகையிலேதான் எழுதப்பட்டிருந்தன. மலையில் எவரும் அதனை அறியார். அவரும் அறியார்.

மீஷர் தம் முடிவுகளை எழுதி ஆசிரியரிடம் அனுப்பினார். ஹொப்பே-சைலர் அதனை உடனே வெளியிடவில்லை. இத்துணைப் புதுமையான செய்தியைத் தாமே சோதித்துப் பார்க்காமல் வெளியிட அவர் உடன்படவில்லை. மாணவரின் பரிசோதனைகளை அவர் தாமே திரும்பச் செய்தார். இடையில் 1870இல் பிரான்சுக்கும் ஜேர்மனிக்கும் போர் மூண்டது. இளைஞரின் மனம் எவ்வளவு தவித்திருக்கும்! முடிவில் 1871இல் கட்டுரை வெளிவந்தது. ஆசிரியரின் சோதனைகளும் மாணவரின் கூற்றை உறுதிப்படுத்தின. அந்தக் கால தாமதத்தைக் குறை கூறுவோர் உளர். நான் அவ்வாறு எண்ணுவதில்லை. தம் மாணவர் சொன்னதை நம்புவது அன்பு. அதனைத் தாமே செய்து சரிபார்ப்பது அறிவுக்குச் செய்யும் கடமை. ஹொப்பே-சைலர் இரண்டையும் செய்தார்.

இதற்குள் மீஷர் தூபிங்கனை விட்டு, லைப்சிக் நகரில் கார்ல் லுத்விக்கிடம் பயின்று, பாசெலுக்குத் திரும்பியிருந்தார். 1872இல், ஏறத்தாழ 28 வயதில், தந்தையும் மாமனும் பணியாற்றிய அதே பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியற் பேராசிரியரானார். குடும்பச் செல்வாக்கினாற் கிடைத்த பதவி என்று சிலர் முணுமுணுத்தனர். அவர் வாயால் விடையளிக்கவில்லை.

பாசெலில் அவருக்குப் புதிய ஆய்வுப்பொருள் ஒன்று வாய்த்தது. கடலிலிருந்து ரைன் நதியில் எதிர்நீச்சலிட்டு முட்டையிட வரும் சமன் மீன்களே அவை. ஆண் மீனின் விந்துக் கலத்தின் தலை முழுவதும் கருவே எனலாம்; நியூக்கிளீனுக்கு அதைவிடச் சிறந்த ஊற்று வேறில்லை. ஆனால் அப்பொருள் வெப்பத்தில் விரைவிற் சிதைந்துவிடும். ஆகவே இலையுதிர்காலத்திலும் மாரிக்காலத்திலும் விடியுமுன்னரே எழுந்து, மீனைப் பெற்று, அனலூட்டாத அறைகளில், சாளரங்களைத் திறந்துவைத்து, நீர் உறையும் நிலையை அண்மித்த குளிரில் மணிக்கணக்காக வேலை செய்தார். சனவரி மாத விடியலில் நுவரெலியாவின் புல்வெளி மீது உறைபனி வெண்மையாய்ப் படிந்திருக்கும் வேளையில் கொழுந்துக் கூடையோடு மலையேறும் கைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குளிரின் பொருள் விளங்கும்.

1874இல் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். விந்துக் கலத்தின் தலையில் நியூக்கிளீன் ஓர் அமிலமாகவும், அதனோடு புரொற்றமீன் என்று தாம் பெயரிட்ட ஒரு காரப்பொருள் இணைந்தும் இருப்பதைக் காட்டினார். அத்தோடு அந்த மீன்களின் வாழ்வையும் ஆராய்ந்தார். ஆற்றில் ஏறும் காலம் முழுவதும் அவை உணவு உண்பதில்லை. தம் தசையையே கரைத்து முட்டையையும் விந்தையும் வளர்க்கின்றன என்று நிறுவினார். தன் உடலைத் தேய்த்து அடுத்த தலைமுறையை ஆக்கும் உயிர்கள் ஆற்றில் மட்டுமா வாழ்கின்றன?

இனி அந்தச் சிறுமியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தாம் கண்டது இன்னதென்று அவருக்குத் தெரிந்ததா? 1874ஆம் ஆண்டுக் கட்டுரையிலே அவர் உண்மையின் வாசலில் வந்து நின்றார். கருத்தரித்தலுக்குக் காரணமான தனிப்பொருள் ஒன்று உண்டெனில், அது நியூக்கிளீனாகவே இருத்தல் வேண்டும் என்று எண்ணிப் பார்த்தார். பின்னர் அந்த எண்ணத்தைக் கைவிட்டார். மீனிலும் தவளையிலும் காளையிலும் ஏறக்குறைய ஒரேவிதமாகக் காணப்படும் ஒரு பொருள், இத்துணை வேறுபட்ட உயிர்களை எங்ஙனம் ஆக்கக்கூடும் என்பது அவருடைய ஐயம். அது அறிவற்ற ஐயமன்று. அன்றைய கருவிகளால் அந்த நுண்ணிய வேறுபாடுகளைக் காண இயலாது. 1892இல் தம் மாமனுக்கு எழுதிய கடிதமொன்றில், பெரிய மூலக்கூறுகளின் அமைப்பு வேறுபாடுகளே பரம்பரையின் பல்வகைமையைத் தாங்கக்கூடும் என்றும், சில எழுத்துகளைக் கொண்டு ஒரு மொழியின் எல்லாச் சொற்களையும் எழுதுவது போன்றது அது என்றும் கருதினார். எவ்வளவு சரியான உவமை! ஆனால் அவர் மனத்தில் இருந்தவை புரதங்களே. எழுதும் முறையை ஊகித்தார். ஏடு தம் கையில் இருப்பதை உணரவில்லை.

அவருடைய பிற்காலம் பல கடமைகளாற் சிதறுண்டது. சிறைக் கைதிகளுக்கு உரிய உணவைக் கணக்கிட்டுத் தருமாறு அரசு கேட்டது, அதனையும் செய்தார். மூச்சின் வேகத்தை ஆள்வது குருதியிலுள்ள காபனீரொட்சைட்டே என்று 1885இல் காட்டினார். அவ்வாண்டிலேயே உடற்கூற்றியலுக்கும் உடற்றொழிலியலுக்கும் பாசெலில் ஒரு நிறுவனத்தை அமைத்தார். மலையுயரம் ஏற ஏற மனிதக் குருதி எவ்வாறு மாறுகிறது என்பதையும் தம் மாணவரோடு ஆராய்ந்தார். மலைவாழ் மக்களாகிய நமக்கு அவர் இவ்வகையிலும் உறவினர். ஓய்வறியாத உழைப்பும் குளிரும் உடலை அரித்தன. கசரோகம் பற்றியது. மலைக்காற்று நோயை ஆற்றும் என்னும் நம்பிக்கையோடு டாவோஸ் என்னும் மலையூரை அடைந்தார். 1895ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் திகதி, 51 வயதில், அங்கே உயிர் துறந்தார். இரண்டாண்டுகளின் பின் அவருடைய கட்டுரைகளையும் கடிதங்களையும் தொகுத்து வெளியிட்டவர் அந்தத் தாய்மாமனே. காலம் செல்லச் செல்ல மீஷரின் பெருமை குறையாது வளரும் என்று அவர் நம்பினார்.

அந்நம்பிக்கை மெய்யாயிற்று; ஆனால் மெதுவாக. 1889இலேயே றிச்சாட் அல்ட்மான் புரதம் நீங்கிய பொருளுக்கு நியூக்கிளிக்கமிலம் என்று பெயரிட்டிருந்தார். அதன் உறுப்புகளை ஆராய்ந்த அல்பிரெக்ட் கோசெல் 1910இல் நோபெல் பரிசு பெற்றார். 1944இல் அமெரிக்காவில் ஏவரியும் அவர் துணைவரும், பற்றீரியாவின் இயல்பை மாற்றும் பொருள் டி.என்.ஏ.யே என்று காட்டினர். 1948இல் பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகர அறிஞர்கள், ஓருயிரின் பல உறுப்புகளிலும் ஒரு கருவிலுள்ள டி.என்.ஏ.யின் அளவு ஒன்றே என்றும், விந்துக் கலத்தில் அதன் பாதியே உண்டு என்றும் அளந்து கண்டனர். தந்தை பாதி, தாய் பாதி என்னும் பழைய உண்மை தராசில் ஏறிய நாள் அது. 1953இல் வாட்சனும் கிரிக்கும் இரட்டைச் சுருள் அமைப்பை வெளியிட்டனர்.

இன்றைய ஆய்வுகூடத்தில் கண்ணாடிபோன்ற குடுவைகளில் வளர்த்த கலங்களிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரிப்போர், தம்மை அறியாமலே மீஷரின் அடிச்சுவட்டில் நடக்கின்றனர். அவர் சோடியம் சல்பேற்றாற் கழுவினார். இவர்கள் உப்புக் கரைசலாற் கழுவுகின்றனர். அவர் பன்றியின் பெப்சினாற் புரதத்தை அகற்றினார். இவர்கள் வேறொரு நொதியத்தால் அகற்றுகின்றனர். குளிரும் அற்ககோலும் இன்றும் வேண்டும். அளப்பதுதான் மாறிற்று. அவர் எரித்துப் பொசுபரசை அளந்தார். இவர்கள் 260 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஊதாக்கடந்த ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கின்றனர். 280 நனோமீற்றரிலும் அளந்து, முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஏறத்தாழ 1.8 வரவேண்டும், குறைந்தால் புரதம் கலந்திருக்கலாம். பத்து இலட்சம் மனிதக் கலங்களிலிருந்து கிடைக்கக்கூடியது ஏறத்தாழ 6 மைக்கிரோகிராம் மட்டுமே. கலப்புள்ள பொருளை அளந்தால் எண் பெரிதாக வரும், உண்மை வராது. நனைந்த கொழுந்தின் நிறையும் கொழுந்தின் நிறையும் ஒன்றல்ல என்பதைத் தராசருகே நின்று வளர்ந்த பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை. மீஷர் உலகுக்குக் கற்பித்ததும் இதுவே: முதலில் தூய்மை, பின்னர் அளவு.

தேயிலைச் செடியின் பரம்பரைத் தொகுதியில் ஏறத்தாழ முந்நூறு கோடி எழுத்துகள் உண்டு என்று 2017இலும் 2018இலும் சீன அறிஞர்கள் வெளியிட்டனர். 1925இல் நிறுவப்பெற்று, தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்திலும், தேயிலை இனங்களை வேறுபடுத்தியறிய டி.என்.ஏ. அடையாளங்கள் பயன்பட்டுள்ளன. எங்கள் வகுப்பில் மண்ணிறக் கலங்கலாய்த் தோற்ற அதே கொழுந்துதான். பொறுமையுடையோர் கையில் அது படிக்கத்தக்க ஏடாகிறது.

அந்தச் சிறுமிக்கு நான் பின்னர் அளித்த விடை இது. அவர் கண்டது இன்னதென்று முழுமையாக அவருக்குத் தெரியாது. ஆனால், தமக்குத் தெரிந்த எல்லைவரை ஒரு சிறு பொய்யும் கலவாமல் செய்தார். ஆகையால்தான் பின்வந்தோர் அவர் நின்ற இடத்திலிருந்து தயக்கமின்றி அடுத்த அடியை வைக்க முடிந்தது. விடை கேட்ட அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, தேயிலையிலிருந்தும் அந்த வெண்ணூலை எடுக்க மீண்டும் முயன்று பார்க்கலாமா என்று கேட்டாள். கொழுந்தைக் குளிரில் வைத்து அரைத்தால் சிவப்பது குறையுமன்றோ என்பது அவள் எண்ணம். எங்கள் மலையில் குளிருக்கு என்ன பஞ்சம்? மறுநாட் காலை, பனி விலகுமுன் பாடசாலைக்கு வரும்படி சொன்னேன்.